விசாரிக்க வந்தவர்களுக்குச் சொன்னது

பொய் சொல்லிக் குடி கெடுப்பவர்களைக்கூட மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லியே கெடுப்பவர்களை மன்னிக்க என்னால் முடியாது.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கு எதிர்வீட்டு அன்ரி அந்த ரகம். எனக்கு வத்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முற்றாகியிருந்தது. வழக்கப்படி மாப்பிள்ளையின் அக்கா எங்களுக்குச் சொல்லாமல் அயலில் விசாரிக்க வந்தார். அன்ரி சொன்னதைத் தரகர் பிறகு சொல் பிசகாமல் ஒப்புவித்தார்.

"நல்ல பிள்ளை. பாவம், மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வாறவ."

போனேன்தான். அப்பாவின் நீரிழிவுக்கு, அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு. அது அன்ரிக்கு நன்றாகவே தெரியும். அப்பாவை மட்டும் கழற்றிவிட்டார். மிச்சத்தைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். சம்பந்தம் குழம்பியது. எனக்கு ஏதோ வருத்தமாம், தீராத நோயாம் என்ற கதை பரவி, அதற்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை.

எட்டு வருடம் கழித்து, போன வருடம், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் என் கதவைத் தட்டினார்கள். அன்ரியின் மகனைப் பற்றி விசாரிக்க! எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"பெடியன் எப்பிடி, பிள்ளை? குடி, கிடி ஏதும்...?" என்றார் தகப்பன்.

அவன் சோடாவுக்கு மேல் எதையும் தொடாதவன். "இல்லை" என்றால் போதும். நான் தேத்தண்ணியை நீட்டினேன்.

"தங்கமான பெடியன். அன்ரிதான் பாவம், அவனுக்காகக் கோயில்களில வைக்காத நேர்த்தி இல்லை. இப்ப பரவாயில்லை."

நேர்த்தி வைத்தது, அவன் கணக்காளர் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டதற்கு. சோதனையை நான் விழுங்கிவிட்டேன். தகப்பன் தாயைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள்.

கலியாணம் நின்றதும் அன்ரி ஓடி வந்தார். "என்ன பிள்ளை சொன்னனீர்?"

சொன்னதை அப்படியே சொன்னேன். அன்ரியின் முகம் வெளுத்துப்போனது. நல்லா வேணும் என்று கதவைச் சாத்தினேன். மகனிடம் முறையிடவும் அன்ரிக்கு வழியில்லை. முன்பு எனக்குச் செய்ததையும் சேர்த்தல்லவா அவிழ்க்கவேண்டும்.

ஆகவே அவனுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று லிஃப்ட் பழுது. என் அரிசிப் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். வாசலில் வைத்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா, என்னில என்ன பிழை கண்டவையாம்?"

"உம்மில ஒரு பிழையும் இல்லை, தம்பி" என்றேன்.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.