மீனம்பாளின் இரண்டு விரல்கள்

செஞ்சிக் கடைத்தெருவில் சம்பவநாத நயினாரைப் பற்றி யாரைக் கேட்டாலும், "எறும்பக்கூட மிதிக்கமாட்டாரு மனுசன்" என்பார்கள். ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். அந்தத் துணியையும் அதே கிணற்றிலேயே அலசிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டுமாம். அப்பேர்ப்பட்ட மனிதர்தான், துணி அலசிய ஈரம் காய்வதற்குள் ஒரு பெண்ணின் விரலை முறித்தார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை. சேரிக் கிணறு வறண்டு கிடந்தது. அவரிடம் கூலிக்கு வந்துகொண்டிருந்த மீனம்பாள், ராஜகிரி மலையடியில் இருந்த அவர் கிணற்றில் குடத்தை இறக்கிவிட்டாள். தீட்டாம்! பக்கத்தில் கிடந்த தடியை எடுத்து அவள் கைமேல் ஓங்கிப் போட்டார். குடம் உள்ளே விழுந்தது. இரண்டு விரல் முறிந்த சத்தத்தை அவரும் கேட்டார்.

கேஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை. யார் கேட்பது? பத்து நாள் கழித்து மீனம்பாள் கோணல் விரலோடு கூலிக்கு வந்து நின்றாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. அடுப்படியில் மனைவி அனந்தமதி சுள்ளி ஒடித்தால் போதும், தூக்கிவாரிப் போடும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசையும் தன் விரல்களையே வெறித்துக்கொண்டிருப்பார். பயந்தார், ஆமாம், தன் கையைப் பார்த்தே பயந்தார். இப்படி எட்டு வருஷம்.

வருஷத்துக்கு ஒருநாள் ஜைனர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது வழக்கம். உலகத்து உயிர்களிடமெல்லாம் பொதுவாகவும் ஒரு கும்பிடு போட்டுவிடுவார்கள். அந்தக் கும்பிடில் மீனம்பாளும் அடக்கம் என்று நயினார் வருஷா வருஷம் கணக்குப் பண்ணிக்கொண்டார். நல்ல கணக்கு!

அறுபத்தேழில் அந்த நாளன்று அவர் தெருவெல்லாம் கைகூப்பிவிட்டு வீடு திரும்பியபோது அனந்தமதி கேட்டாள்.

"இன்னாங்க, ஊரு பூரா கேட்டுட்டு வந்துட்டீங்க. சுள்ளி ஒடிச்சா யார நெனச்சி நடுங்கறீங்களோ, அவகிட்ட கேட்டீங்களா?"

இவளுக்கு எதுவும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார், அப்பாவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டைக் கொல்லைக்குப் போனார். மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் நிலக்கடலை. இருபது பேர் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மீனம்பாள் இருந்தாள், பள்ளிக்கூடம் லீவு என்பதால் எட்டாவது படிக்கும் அவள் மகள் அமிர்தவல்லியும் கூட இருந்தாள். நயினார் எல்லார் முன்னாலும் நின்று கைகூப்பினார்.

"மீனம்பா, அன்னிக்கு உன் வெரல நான்தான் ஒடிச்சேன். தப்பு என்மேல. மன்னிச்சிடு. இனிமே என் கெணத்துல யாரு வேணா மொள்ளலாம்."

காய் ஆயும் கைகள் நின்றுவிட்டன. மீனம்பாள் முகம் சிறுத்துப்போயிற்று.

"கவலை எறைக்கறப்ப உருளையில மாட்டிக்கினு ஒடிஞ்சதுன்னு எம்பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருந்தேன் நயினாரே. அடிச்சவரு கொல்லையிலயே கூலிக்குப் போறாளேன்னு அது என்னைக் கேவலமா நெனைக்கக் கூடாதுன்னு. உங்க பாரத்த எறக்கி அது தலையில வச்சிட்டீங்களே!"

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த..."

"வாய் வரல" என்றாள். குனிந்து காய் ஆயத் தொடங்கினாள்.

அன்று அவர் தூங்கவில்லை. சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தார். முன்பைவிட அதிகமாயிற்று.

மறுநாள் காலை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அமிர்தவல்லி புத்தகப் பையோடு வாசற்படி ஏறி வந்தாள். சேரியிலிருந்து அந்தத் தெருவுக்குள் அப்படி யாரும் வந்ததில்லை. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அனந்தமதி "உள்ள வாம்மா" என்றாள். பெண் வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள்.

"எந்தக் கையில அடிச்சீங்க?"

நயினார் சோற்றுக்கையை நீட்டினார். அவள் அதை நன்றாகப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு அடிச்சீங்க?"

நேற்று இருபது பேர் முன்னால் இதைச் சொல்லாமல் விட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"தண்ணி மொண்டதுக்கு. உனக்கு அப்ப ஜொரம். கொழந்தைக்கு நாக்கு வறளுதுன்னு உங்கம்மா கெஞ்சினாங்க. அதக் கேட்டுட்டுத்தான் அடிச்சேன்."

"நேத்து இத சொல்லலியே?"

"சொல்லல."

"இன்னிக்கும் அங்கதான் ஆயறாங்க. அதே ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

சம்பவநாதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, மல்லாட்டைக் கொல்லைக்குக் கிளம்பினார்.