நகராத கிளிப்

ஓஹையோவின் லைமா ஊரில் வெர்லின் ஹாஸ்கெட்டை அடக்கமானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கறி சுடும் அடுப்போ, பனி தள்ளும் எந்திரமோ, கடையில் இருப்பதிலேயே பெரியதைத்தான் வாங்குவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருடத்து ஷெவெல் காருக்கும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை அப்படித்தான் மாட்டியிருந்தார். அது தேய்ந்துபோய் இப்போது பெட்ரோலை ஒழுகவிட்டது. சிவப்பு விளக்கில் கார் நின்றால் எஞ்சினும் நின்றது.

அதனால் மனைவி நோரீன் அதில் ஏறுவதை விட்டுவிட்டாள். “சிக்னல்ல சாகாத வண்டியா ஆக்கு, வர்றேன்.” வெள்ளிக்கிழமை மாலை பழைய கார்கள் கூடும் பர்கர் கடைக்கு வெர்லின் தனியாகவே போனார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது அவருக்கு வலித்தது.

பழைய கார் உதிரிபாகச் சந்தையில் அவர் கை நேராகப் பெரிய கார்புரேட்டருக்குப் போனது. நிமிடத்துக்கு எண்ணூற்றைம்பது கன அடி காற்று இழுப்பது. கூட வந்த நண்பர் ட்வேன் தோளில் தட்டினார். “எடுடா. அறுநூறு இழுக்கிற சின்னதெல்லாம் சர்ச்சுக்குப் போற வண்டிக்கு.”

கடை வைத்திருந்த ஆர்லெட் எடுத்த எடுப்பில் விலை சொல்லவில்லை. “இப்ப இருக்கிறதுல பின்னாடி ரெண்டு வாய் என்னிக்காவது திறந்திருக்கா?”

“திறக்காம என்ன?”

“பாத்தீங்களா?”

வெர்லின் பார்த்ததில்லை. கார்புரேட்டரில் காற்று போகும் முன்னிரண்டு வாய் எப்போதும் திறக்கும்; பின்னிரண்டும் எஞ்சினுக்கு மூச்சு போதாதபோதுதான்.

“அதைத் திறக்கிற கம்பியில ஒரு பேப்பர் கிளிப்ப மாட்டி ஓட்டுங்க. திறந்தா கிளிப் நகர்ந்திருக்கும். அப்புறம் வந்து கேளுங்க, எதுவானாலும் தர்றேன்.”

நோரீனிடம் கிளிப் வாங்கி மாட்டிக்கொண்டு, சோளக் காட்டு நேர்ச்சாலையில் விரட்டினார். நிறுத்திப் பார்த்தார். கிளிப் வைத்த இடத்திலேயே இருந்தது. மறுபடி விரட்டினார், மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை தன் வலது காலையே கவனித்தார். பாதி மிதித்ததும் அது தானாக எழும்பிவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் கூடவே இருக்கும் கால், இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சாலையோரத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் போதுமென்று அறுநூறையே வாங்கி மாட்டினார்.

வெள்ளிக்கிழமை நோரீன் ஏறி உட்கார்ந்தாள். பிரதான வீதியின் சிவப்பு விளக்கில் இருவரும் காத்திருந்தார்கள். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பச்சை விழுந்தபோது அவள் கை அவர் தொடைமேல் இருந்தது.

பர்கர் கடையில் ட்வேன் ஓடி வந்தார். “எஞ்சின் மூடியத் திறடா, எண்ணூற்றைம்பதப் பாக்கலாம்.”

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெர்லின் அதை விழுங்கினார். “அறுநூறுடா,” என்று மூடியைத் தூக்கினார். கிளிப் கதையையும் சொன்னார். கூடியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மற்றவர்கள் கலைந்த பிறகும் ட்வேன் மட்டும் போகாமல் நின்றார். குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கிளிப்... என் வண்டியிலயும் மாட்டிப் பாக்கலாமா?”

காரில் இருந்த நோரீன் சன்னல் வழியாகக் கிளிப் ஒன்றை நீட்டினாள். “இந்தா. அடுத்த வாரம் உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. அவள இங்க பாத்து ரொம்ப நாளாச்சு.”