சாப்பிடும் கைப்பக்கம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் ஆறு வயது மகள் துளசி, பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா. கணவர் வெங்காயம் விற்கச் சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தார்.

துளசி அறைக்குள் போய் விளையாட்டாகக் கதவைப் பூட்டிவிட்டாள். இருந்த ஒரே திறப்பும் உள்ளே, பூட்டிலேயே செருகியிருந்தது; யன்னலும் சாத்தியிருந்தது. அழுதால் அவளுக்கு மூச்சு இழுப்பு வரும். மருந்தோ என் கையில்.

“சாப்பிடுற கைப்பக்கம் திருப்பு பிள்ளை!”

“திரும்புதில்லை அம்மா!”

இன்னும் பலமாகக் கத்தினேன். அழுகைக்கு நடுவே அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

“நீ கத்துறதிலை எனக்கே இழுப்பு வந்திடும். அந்தத் திறப்பு எப்பிடித் திரும்பும் எண்டு முதல் உனக்குத் தெரியுமோ?” என்றார் அக்கா.

தெரியாது. அகப்பட்டுவிடுவேனோ என்ற பயத்தில் நான் எந்த அறையையும் உள்ளிருந்து பூட்டியதே இல்லை.

அடுத்த அறைக்கும் அதே மாதிரிப் பூட்டுத்தான், திறப்பு மட்டும் வேறு. உள்ளே போய்ப் பூட்டினேன். திறக்க வலப்பக்கம் திருப்பினேன், அசையவில்லை. நானும் அகப்பட்டேன் என்று வியர்த்துவிட்டது. இடப்பக்கம் திருப்பியதும் திறந்தது. வெளியே நின்று பழகிய பக்கத்தையே உள்ளே நின்றவளுக்குச் சொல்லியிருக்கிறேன்!

ஓடிவந்து, “மற்றக் கைப்பக்கம் திருப்பு பிள்ளை,” என்றேன். கதவு திறந்தது. மருந்து கொடுத்தேன், மூச்சுச் சீரானது.

“ஏன் அம்மா முதல் பிழையாச் சொன்னனீங்கள்?” என்று கேட்டாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சொல்லிக்கொடுப்பது என்றால் உரத்துச் சொல்வது என்றே நினைத்திருந்தேன். இப்போது திறப்புகள் எல்லாம் உயரத்தில், ஆணியில் தொங்குகின்றன. சப்பாத்து நாடா கட்டப் பழக்கும்போதும் நான் அவளுக்கு எதிரே இருப்பதில்லை. அவளுக்குப் பின்னால் இருந்து, அவள் கையோடு என் கையை வைத்துக் கட்டுகிறேன்.