ஒன்பது வீட்டுச் செவலை

எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒன்பது வீடுகள். ஒன்பது வாசலிலும் ஒரு கோணிச்சாக்கு கிடக்கும். வருகிற விருந்தாளிகள் அதில் நன்றாகக் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருவார்கள். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. அது நாய் படுக்கிற சாக்கு.

நாயைக் கட்டிப்போடும் பழக்கம் எங்கள் தோட்டத்தில் கிடையாது. செம்பனைக்குள் உடும்பும் பாம்பும் குரங்கும் அவிழ்ந்து திரியும்போது நாய் மட்டும் சங்கிலியில் கிடந்தால் என்ன நியாயம்? போகும், வரும். போகும்போதும் எங்கள் நாய், வரும்போதும் எங்கள் நாய். நடுவில் எங்கே இருந்தாய் என்று கேட்பதில்லை. வீட்டுக்காரரைக்கூட நான் இவ்வளவு நம்பியதில்லை.

செவலை அப்படித்தான் எங்கள் வீட்டு நாய். செம்மண் நிறம். இடது காது நுனியில் ஒரு கிழிசல். மழை வருவதற்கு முன்பே மழையைக் கேட்டுவிட்டதுபோல் ஒரு தலைச் சாய்ப்பு. காலை ஷிப்டுக்கு நான் கிளம்பும்போது வானம் இன்னும் கரித்துணியாகத்தான் இருக்கும். செனாவாங் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் முனைவரை இரண்டு பக்கமும் செம்பனை. மட்டைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ சேலை மாற்றுவதுபோல் சத்தம். அந்த இருட்டில் எனக்கு முன்னால் ஒரு வால் நடந்து போகும். வாலைப் பார்த்துக்கொண்டே நான் நடப்பேன். பஸ் வெளிச்சம் விழுந்ததும் திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் ஒருநாள்கூட என்னை முனைவரை வழியனுப்பியதில்லை.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சாமி பெயர். எதிர்வீட்டு அக்கா மாதாகோயில் பாட்டுக்குழுவை நடத்துபவர். அவர் அதைப் பைபிளில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயரால் கூப்பிடுவார். இரண்டுக்கும் அது ஓடிவரும். மேடை போட்டுப் பேசுகிறார்களே நல்லிணக்கம், அது செவலைக்குப் பிறவியிலேயே இருந்தது. மற்ற வீடுகளிலும் கொஞ்சம் வாய் வைக்கும் என்று தெரியும். வைக்கட்டுமே, நாய்தானே.

பக்கத்துச் செம்பனைக் காட்டில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு தொடங்கியபோது, அங்கிருந்து ஒரு வெள்ளை நாய் வந்து சேர்ந்தது. வெள்ளை என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி உடம்பில் முடி இல்லை. மீதி உடம்பில் தோல் தடித்து, காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. யாரும் அதற்குச் சாக்குப் போடவில்லை. "ச்சூ" என்பதுதான் அதற்கு இருந்த ஒரே பெயர். ஆனால் நாங்கள் வேலைக்குப் போன பிறகு அது செவலையின் சாக்கில் வந்து படுக்கும். செவலை ஒதுங்கி இடம் கொடுக்கும். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கும்.

ஒரு மாதத்தில் செவலை சொறிய ஆரம்பித்தது. பின்னங்காலால் சொறியும்போது முழங்கால் சிமெண்டில் தட்டும். டக் டக் டக் டக். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நான் எழுந்து போய்த் திறப்பேன். ஒன்பது வீட்டிலும் அப்படிக் கதவு திறந்து மூடியது. அப்புறம் நாங்களும் சொறிய ஆரம்பித்தோம். எனக்கு முழங்கையின் உட்புறம். அக்காவுக்கு அக்குள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது அக்கா தாங்கமாட்டாமல் ஒரு கையை வானத்தை நோக்கித் தூக்கி, மற்றக் கையைத் தோளுக்குக் கீழே செருகினாராம். சபை அதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்டு, கூடவே கை தூக்கியது.

இதில் மாட்டிக்கொண்டவர் கடைசி வீட்டு மாமா. ஒரு காலத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர், இப்போது ஓய்வு. நாயைக் கண்டாலே செருப்பைக் கழற்றுபவர். "இந்தச் சனியனுக்கு யாரு சோறு போடறா?" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துபவர். ஒருநாள் சட்டையில்லாமல் துணி காயப்போட வந்தார். வயிறு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"என்னா மாமா வயித்துல?" என்றார் அக்கா.

"வேர்க்குரு லா."

"எங்களுக்கும் அதே வேர்க்குருதான். எங்களுக்கு நாய் குடுத்துச்சி. ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

மாமா ஈரச் சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று எனக்குத் தோன்றியது: யார் யாரை இரகசியமாக மடியில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்க இந்தப் பூச்சியைவிட ஆள் கிடையாது. கண்ணுக்கே தெரியாத பிராணி, ஒரு பாசத்திலிருந்து இன்னொரு பாசத்துக்கு நடந்தே போய்விடுகிறது.

சிரிப்பு நின்றது ஜாகா வந்த அன்று. தோட்டத்து வாசலைக் காவல் காக்கும் ஜாகா மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்: "மேனேஜர் சொல்லிட்டாரு. பெரிய ஆபீஸ் ஆளுங்க சுத்திப் பாக்க வராங்க. அதுக்குள்ள இந்த நாய்ங்களுக்குச் சொறி போவணும். இல்லாட்டி நகராண்மைக் கழகத்து நாய் புடிக்கிற லோரிய கூப்பிட்டுருவாரு."

அந்த லோரியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. மறுநாள் காலை எனக்கு முன்னால் போன வாலில் முடி பாதியாகியிருந்தது. எலிவால் மாதிரி. அதை நம்பித்தான் நடந்தேன். இந்த வாலும் இல்லாமல் போனால் அந்த இருட்டில் எதைப் பார்த்து நடப்பது?

வீட்டுக்காரர் ஒரு வேன் இரவல் வாங்கிவந்தார். நானும் அக்காவும் செவலையைத் தூக்கிக்கொண்டு தெமியாங்கில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை, சின்ன வயது. செவலையின் காதோரம் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தது.

"ஆன்டி, இது பூச்சி. தோலுக்குள்ள பாதை தோண்டி முட்டை வைக்கும். ஒரே எடத்துல படுத்தாலே ஒன்னுலேருந்து ஒன்னுக்குப் போயிரும். ஒங்க மேல ரொம்ப நாள் வாழாது, நாய் சரியானா ஒங்களுக்கும் அடங்கிரும். ஆனா இது ஒன்னுக்கு மட்டும் மருந்து குடுத்தா வேஸ்ட். கூடப் பழகற எல்லா நாய்க்கும் ஒரே நாள்ல குடுக்கணும். மொத்தம் எத்தனை நாய்?"

அக்கா போனை எடுத்தார். லயத்துக்கு வீடு வீடாக அடித்தார்.

"ஒன்னு இருக்குக்கா. ஆனா காலையிலேருந்து ஆளக் காணோம்."

"எங்களோடதா? எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கு. வந்ததும் புடிச்சிக் குடுத்துர்றோம்."

மாமா, "எனக்கு ஏது நாய்?" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஒரு மாத்திரை எடுத்துட்டு வா. சும்மா கெடக்கட்டும்."

இதெல்லாம் நடக்கும்போது செவலை மேசைமேல் உட்கார்ந்து டாக்டரின் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தது. போனில் குரல் கேட்கும்போதெல்லாம் வால் ஆடியது. எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"எட்டு நாய்மா," என்றார் அக்கா.

"எல்லாத்தையும் நான் பாக்கணுமே ஆன்டி. எடை தெரியணும்."

"எட்டையும் எதுலம்மா ஏத்தறது? எல்லாம் இதே சைஸ்தான். தோட்டத்து நாய்ங்க, ஒரே அச்சு."

டாக்டர் யோசித்தது. பிறகு, "ஒரு நாய்க்கு ஒன்னுதான். அதுக்கு மேல போனா ஆபத்து," என்று இரண்டு தடவை சொல்லி எட்டு மாத்திரை கொடுத்தது. அக்கா அதை வீடு வீடாக மூன்று தடவை சொன்னார். ஒரு நாய்க்கு ஒன்று. எல்லாரும் தலையாட்டினோம். யாரும் மீறவும் இல்லை.

சனிக்கிழமை காலை, பசியாறும் நேரம். வெயில் செம்பனை மட்டைக்குள் இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் ரொட்டி சானாய்த் துண்டில் மாத்திரையை மடித்து வைத்தேன். செவலை மெல்லாமலே விழுங்கியது. அக்காவிடம் தனி மாத்திரை இல்லை. நாங்கள் இருவரும் ஒரே நாய்க்குத்தான் சொந்தம் என்பது கிளினிக்கிலேயே முடிவான விஷயம். அதனால் அவர் எதிர்வாசலில் நின்று ஜெபம் மட்டும் செய்தார்.

செவலை கிளம்பியது. எனக்கு இப்போதும் அந்த நடை கண்ணில் நிற்கிறது. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி உட்காருகிற ஆள் மாதிரி ஒரு நிதானம். அடுத்த வீட்டில் சார்டின் வாசனை. அதற்கடுத்த வீட்டில் கோழி ஈரல். இன்னொரு வீட்டில், நாய்க்கென்றே காரமில்லாமல் வைத்த ஆட்டுக்கறி. "வாடா என் ராஜா" என்று ஒரு குரல், "வாம்மா தங்கம்" என்று இன்னொரு குரல். அது ஆணா பெண்ணா என்பதிலேயே லயத்துக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இன்றைக்கு ஏன் ஊரே என்னைக் கொண்டாடுகிறது என்று அதற்கும் தோன்றியிருக்கும்.

மத்தியானம் அது கால்வாயோரம் நின்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து நூலாக எச்சில். ஓர் அடி எடுத்து வைத்தது. பின்னங்கால்கள் வேறு திசையில் போயின.

"கள்ளு குடிச்சிருக்கு," என்றார் மாமா.

அது அப்படியே சரிந்து உட்கார்ந்தது. நான் சாமி பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். அக்கா தீர்க்கதரிசி பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தார். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு சினிமா நடிகர் பெயர், ஒரு மலாய்ப் பெயர், ஒரு காப்பித்தூள் பெயர் என்று கத்திக்கொண்டு லயமே ஓடிவந்து, கால்வாயோரம் அந்த ஒரே நாயைச் சுற்றி நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீங்களும் குடுத்தீங்களா?"

"எங்க நாய்க்குத்தான் குடுத்தோம்."

"இதுதானே எங்க நாய்!"

"அலாமாக்," என்றார் என் வீட்டுக்காரர். இன்னும் திருப்பிக் கொடுக்காத இரவல் வேனின் சாவியை எடுக்க ஓடினார்.

தெமியாங் போகும்வரை செவலை மாமாவின் மடியில் கிடந்தது. யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. அவராகவே வேனில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். வழி நெடுக அதன் கிழிந்த காதுக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. கால்வாயோரம் யாரும் கத்தாத ஒரு பெயர். அதுவும் கொஞ்சல் பெயர். இங்கே எழுதினால் அவர் என்னை லயத்தில் நடமாட விடமாட்டார்.

டாக்டர் செவலையைப் பார்த்தது, வேனிலிருந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்தது. "மத்த ஏழு நாயும் எங்க ஆன்டி?"

அக்கா தரையைப் பார்த்தார். பாட்டுக்குழுவில் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "மொத்தம் மூனுதாம்மா இருக்கும் போல. இது, வேலியோரத்துக் கறுப்பு, அப்புறம் அந்த ஒடம்பு வெந்த வெள்ளை."

"அந்த ரெண்டுக்கும் குடுத்தீங்களா?"

கறுப்புக்கு ஒரு வீடு கொடுத்திருந்தது. வெள்ளைக்கு யாரும் கொடுக்கவில்லை. அது யாருடைய நாயும் இல்லையே.

டாக்டர் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தது. "பூச்சியே அதுகிட்டேருந்துதான் வந்திருக்கும், ஆன்டி."

செவலைக்கு ஊசி போட்டு, காலில் குழாய் ஏற்றி, உள்ளே படுக்கவைத்தார்கள். நாளை காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்றது டாக்டர். "பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கேக்குதா பாப்போம்." ஒவ்வொருவராகக் குனிந்து அவரவர் பெயரைச் சொன்னோம். கண்ணைத் திறக்க அதற்குத் தெம்பில்லை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் வால் நுனி ஒரு தடவை மேசையைத் தட்டியது. யாரையும் விட்டுவைக்காமல் தட்டியது. அக்கா அழுதார். எனக்கும் வந்தது. சாவு வீட்டில்கூட அவ்வளவு மரியாதையாக யாரும் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை.

காலையில் போன் வந்தபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எழுந்து நிற்கிறது, நர்ஸின் ரொட்டியைத் திருடித் தின்றுவிட்டது என்றார்கள். நான் வாசலுக்கு வந்து சொல்வதற்குள் லயத்தில் கைதட்டல் கேட்டது. டாக்டர் எல்லாரிடமும் நம்பர் வாங்கி வைத்து, ஒன்பது வீட்டுக்கும் அடித்திருக்கிறது. இந்தத் தடவை யாரையும் நம்புவதாக இல்லை.

அடுத்த தவணை மருந்துக்கு லயம் கூடிப் பேசியது. சாக்குகளை எல்லாம் எரித்துவிட்டுப் புதுச் சாக்கு போடுவது. மாத்திரை தின்ற நாய்க்கு ஓர் அடையாளம் வைப்பது. நெற்றியில் குங்குமம் வைக்கலாம் என்றேன். "தீர்க்கதரிசிக்குப் பொட்டா?" என்றார் அக்கா. கடைசியில், நீலாயில் படிக்கும் தன் மகளின் மேசையிலிருந்து சிவப்பு நகச்சாயத்தை எடுத்துவந்தார். மருந்து கொடுத்த கையோடு முன்னங்கால் நகத்தில் ஒரு பூச்சு. தேர்தலில் ஓட்டுப் போட்டவர் விரலில் மை வைக்கிற மாதிரி. செவலைக்கு டாக்டர் நாள் தள்ளிக் கொடுத்திருந்தது. அதற்கு மட்டும் முன்கூட்டியே பூசி வைத்தோம். நகத்தில் சிவப்பைப் பார்த்தால் ஒரு வீடும் வாயைத் திறக்கக் கூடாது.

வெள்ளை மிச்சம் இருந்தது. அதை யார் பிடிப்பது என்றபோது, எல்லாரும் திடீரென்று சொந்த வேலைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு புதுச் சாக்கை என் வாசலில் விரித்து, சார்டின் டின்னைத் திறந்து, அதற்குள் மாத்திரையைப் புதைத்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. நகச்சாயம் பூச நான் காலைத் தொட்டபோது, அடிக்கப்போகிறேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பெரிய ஆபீஸ் ஆட்கள் வந்தபோது, மூன்று நாய்க்கும் பூனைக்குட்டி மயிர்போல முடி கிளம்பியிருந்தது. லோரி வரவில்லை. வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று, புதுச் சாக்கில் சப்பாத்துக் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது காலையில் எனக்கு முன்னால் இரண்டு வால்கள் போகின்றன. ஒன்று செம்மண், ஒன்று இன்னும் முழுசாக வெள்ளையாகாத வெள்ளை. வெள்ளைக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். போன வாரம் மாமா தம் வாசலில் உட்கார்ந்துகொண்டு அதை வேறு ஏதோ பெயரால் கூப்பிட்டார். என் சாக்கிலிருந்து எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் அது ஓடியது.

"மாமா, அது எங்க நாய்!"

"யாரு இல்லன்னா?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். கழற்றித் தரையில் வைத்தார். வெள்ளை அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.