ஆறாயி அக்காவின் பெருவிரல்

பெருவிரலை மூக்கோரம் ஒருதரம் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு, றவூப் நானாவின் கடைக் கண்ணாடி அலுமாரியில் அழுத்தமாக ஒரு குத்து. விரலை எடுத்துவிட்டு ஆறாயி அக்கா தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கிறார். வலப்பக்கம் சாய்த்துப் பார்க்கிறார். கண்ணாடியில் மங்கலாய் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கோடும் கிடையாது.

"அக்கா, இது சாமான் விக்கிற கட. பொலிஸ் ஸ்டேசன் இல்ல," என்று றவூப் நானா துடைக்கத் துணி எடுக்கிறார். "நேத்துப் போலத்தான் ஈக்கிது. என்ட மண்ட மாதிரி மொழுமொழுண்டு."

"ஒங்க மண்டையில முடி மொளைக்கிறதுக்கு முந்தி என் வெரல்ல ரேகை மொளைக்கும் நானா. பந்தயமா?"

ஆறாயி அக்காவோடு பந்தயம் கட்டி வென்றவர் கொட்டாஞ்சேனையில் இன்னும் பிறக்கவில்லை. பதின்மூன்று வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, யார் யாருடைய குழாயடியிலோ துவைத்து, இன்று ஜம்பட்டா வீதியில் தன் பெயரையே பலகையில் எழுதி லோன்றி நடத்துகிற மனுஷி. புதுக்கடை நீதிமன்றத்தில் வெல்லும் வழக்குகளில் பாதி தன் சலவையால்தான் வெல்கிறது என்பது அவருடைய கட்சி. "சட்டை பளிச்சுன்னு இருந்தா ஜட்ஜையா மொகத்தப் பாத்துப் பேசுவாரு. காலர் கறுத்திருந்தா அடுத்த தவணைதான்."

படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் கையெழுத்து என்றால் கையெழுத்து! நாற்பது வயதில் மகள் ஜெயராணியின் கொப்பியில் எழுதி எழுதிப் பழகியது. 'ஆறாயி' என்று போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் கீழ் இரண்டு புள்ளியும் வைப்பார். காஸ் சிலிண்டர் வந்தாலும் கையெழுத்து, கோயில் காசுக்கும் கையெழுத்து. யாராவது மைப்பெட்டியை நீட்டினால் போதும். "அந்தாண்ட எடுங்க. நான் ஒன்னும் கைநாட்டு இல்ல."

அப்படிப்பட்டவரிடம்தான் போன மாதம் விசா அலுவலகத்துக் கருவி பத்து விரலையும் கேட்டது. மெல்பர்னில் ஜெயராணிக்குப் பட்டமளிப்பு. தாய்க்கு முன்வரிசையில் நாற்காலி. கருவி பச்சை காட்டினால் விசா, விசா வந்தால் நாற்காலி. அக்கா விரல்களை வைத்தார். சிவப்பு. துடைத்து வைத்தார். மறுபடி சிவப்பு. நாற்பத்தைந்து வருஷத்துச் சலவைச் சோடா, ரேகையை அப்படியே தின்றுவிட்டிருந்தது. "கைக்கு ஓய்வு குடுத்திட்டு நாலு கிழமை கழிச்சு வாங்கோ அம்மா," என்றாள் அங்கிருந்த பிள்ளை துஷாந்தினி. அன்றைக்கும் ரேகை விழாவிட்டால் பட்டமளிப்பு நாளுக்குள் இன்னொரு தவணை கிடையாது.

வேறு யாரானாலும் அழுதிருப்பார்கள். அக்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்தார். "கைநாட்டு இல்லன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். இப்ப கைநாட்டு வைக்கவே வக்கில்ல!" பக்கத்து இருக்கை அம்மாவுக்குத் தமிழ் புரியவில்லை, இருந்தாலும் சேர்ந்து சிரித்தாராம்.

ஓய்வாவது ஒன்றாவது! சட்டைகள் வந்து குவிகின்றன. மெசினில் போடலாமே என்றால், "மெசின் சுத்தும். காலரைத் தேய்க்குமா?" கையுறை போடலாமே என்றால், "கையில பையை மாட்டிக்கிட்டா அழுக்கு எங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும்?" ஆக, மாற வேண்டியது பவுடர்தான். காலர் வெளுக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும், விரலைத் தின்னக் கூடாது. மூன்றும் ஒரே பொட்டலத்தில், ஒரே பவுடர் பக்கெட்டில் வேண்டும்.

நாளுக்கொரு பக்கெட்டாய் வாங்கிப் பரீட்சை நடந்தது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை, மேலே நாலு சொட்டுத் தண்ணீர், விரலை மூடிக்கொண்டு பத்து எண்ணுவார். சூடு ஏறினால், "சோடாவ அள்ளிக் கொட்டியிருக்கான்," என்று பக்கெட் வந்த வழியே திரும்பிவிடும். மல்லிகைப்பூப் படம் போட்ட நீலப் பக்கெட் நாலு எண்ணுவதற்குள் சுட்டது. சிவப்புப் பக்கெட் சுடவில்லை, அழுக்கும் போகவில்லை. "இது பவுடர் இல்ல நானா, வாசம் போட்ட மாவு. ரொட்டி சுடுங்க." பிள்ளைத் துணிக்கென்று வந்த போத்தல் தேன் மாதிரி மெதுமை, விலையைக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைசியில் றவூப் நானாவின் மச்சாள் பஸீஹா, ஹெந்தளையில் வீட்டிலேயே காய்ச்சி, பழைய தண்ணீர்ப் போத்தலில் விற்கிற சவர்க்காரத் தண்ணீர் வந்தது. பெயருமில்லை, படமுமில்லை. பாதி விலை. பத்து எண்ணினார், இருபது எண்ணினார், கை குளுகுளுவென்றிருந்தது. பருப்புக்கறி பட்ட துணியை நனைத்தார், கறை அசையவில்லை. தூக்கி எறியப் போனவரை நானா தடுத்தார். "அர மணித்தியாலம் ஊற வெக்கோணுமாம் அக்கா. பொறுமை வேணும்."

"அது எந்தக் கடையில விக்கிது?" என்றார். ஆனாலும் ஊற வைத்தார். அரை மணி நேரமும் வாளியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கறை கழன்றது.

அந்தத் தண்ணீரிலேயே எல்லாச் சட்டையும் துவைத்து மூன்று கிழமை போனது. ஒரு காலை, சட்டத்தரணி பாலசுந்தரம் முக்கால் உடுப்போடு லோன்றிக்குள் பாய்ந்தார். வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் நீலமாய் ஒரு பெருவிரல். வெள்ளைக்கு நீலம் போட்ட கையோடு அக்கா எப்போதோ பிடித்துவிட்டிருக்கிறார்.

"ஆறாயி, இதென்ன? ஒன்பது மணிக்கு வழக்கு. நீதவான் என்னைப் பாத்தா, சாட்சிக்காரனைப் பிடிச்சுக் கைநாட்டு வாங்கினவன் எண்டெல்லோ நினைப்பார்!"

ஆறாயி அக்காவின் லோன்றியிலிருந்து இதுவரை ஒரு புள்ளிக் கறை வெளியே போனதில்லை. அக்கா பட்டியைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தார். சட்டத்தரணியும் கூடவே இழுபட்டார். நீலத்துக்குள் மயிரிழை மாதிரி வரிகள், வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாய்.

"சேர்! கோடு தெரியுதா சேர்? நல்லாப் பாருங்க, தெரியுதா?"

"தெரியுதணை, தெரியுது. அதுதானே பிரச்சினை!"

"நானா! ஓடியாங்க!" வீதியே திரும்பிப் பார்த்தது. றவூப் நானா ஓடி வந்து கைப்பட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தன் மண்டையைத் தடவிக்கொண்டார். "நான் தோத்துட்டன்." பாலசுந்தரத்துக்கு வேறு சட்டை கிடைத்தது, கறைச் சட்டையை அக்கா துவைக்க மறுத்துவிட்டார். அது இப்போது லோன்றிச் சுவரில், கம்பியில் தொங்குகிறது.

தவணை நாளில் அக்கா பட்டுச்சேலை கட்டிப் போனார். நாலு விரல், பச்சை. மற்ற நாலு, பச்சை. பெருவிரல் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கருவி கொஞ்சம் யோசித்தது. பச்சை.

"சரி அம்மா, எல்லாம் விழுந்திட்டுது," என்று துஷாந்தினி படிவத்தைத் திருப்பி, பேனையை நீட்டினாள். "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

ஆறாயி அக்கா பேனையை ஒரு விரலால் மெல்ல ஓரமாய்த் தள்ளிவிட்டு, பெருவிரலை மூக்கோரம் ஒருதரம் தேய்த்து, மை எங்கே என்று மேசையெல்லாம் தேடினார்.