மொபெட் சத்தத்துக்கு வந்த மீன்கள்

ஆலங்குடிக்கு வெளியே இருந்த முந்திரிக் கொட்டகையை விட்டுக் கிளம்பி, தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி. முந்திரித் தோட்டின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. கொட்டகைக்காரர் நல்ல மனிதர். இருப்பா என்றுதான் சொன்னார். எனக்குத்தான் ஓரிடத்தில் மூன்றாவது மாதம் பிறந்தால் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். அது ஒரு வியாதி என்பாள் என் அக்கா. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எனக்கு இருக்கிற வியாதி அது ஒன்றுதான், மற்றபடி உடம்பு நன்றாகவே இருக்கிறது.

ஒரு வளைவில் ஏதோ முழங்கையை உரசியது. திரும்பினால், மூக்குக்கு நேராக ஒரு ஸ்கூட்டர்.

"காது கேக்கலையாண்ணே? எம்புட்டு நேரமா பின்னாடியே வாரேன்?"

"கேக்குறதுக்கு உங்க வண்டியில என்னங்க இருக்கு?"

மின்சார ஸ்கூட்டர். பூனை நடந்தால்கூட அதைவிடக் கொஞ்சம் சத்தம் வரும். ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். சிரித்துவிட்டார். "சரி ஏறுங்க. எங்கிட்டுப் போகணும்?" அங்கிட்டு என்று தெற்கே கையைக் காட்டினேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. அவர் காலடியில் இருந்த மூட்டை இடைஞ்சலாக இருக்கிறதே என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடலைப் புண்ணாக்கு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மச்சான் நினைவு வந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களை நினைத்தால் எல்லோருக்கும் சென்ட் வாசனைதான் வரும். எனக்கு என் அக்காள் புருஷனை நினைத்தால் புண்ணாக்கு வாசனை வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்போது நான் போர்வெல் லாரி வேலையை விட்டுவிட்டு, அறந்தாங்கிப் பக்கத்தில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தேன். அந்த ஊர்க் கண்மாயை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சுப்பையா அண்ணன். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பியதும் லாரியில் கட்லாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். காலையிலும் சாயங்காலத்திலும் மொபெட்டில் போய், மதகடியில் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து போடுகிற வேலை எனக்கு. மீன்கள் முதல் ஒரு மாதம் என்னைச் சட்டை செய்யவில்லை. பிறகு பழகிவிட்டன. கரைத் திருப்பத்தில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் மதகடியில் தண்ணீர் உலை மாதிரி கொதிக்கும். என் வாழ்நாளில் என்னைப் பார்க்கக் கூட்டம் கூடியது அங்கே மட்டும்தான்.

பொங்கலுக்கு முன்னால் மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்தார். மூன்று வருடம் கழித்து, இரண்டு மாத லீவு. பெட்டிகளோடு நீளமாக ஒரு குழாய் வந்து இறங்கியது. அக்கா அதைத் திரைச்சீலை மாட்டுகிற கம்பி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். திறந்தால் தூண்டில். அதோடு ஒரு சின்ன டப்பாவில் கொசுவும் ஈயும் பூச்சியும். எல்லாம் இறகில் கட்டியவை, அடியில் முள் வைத்தவை.

மச்சான் வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர், ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அவர்கள் நாட்டில் டிரவுட் என்று ஒரு மீனை வளர்த்து, குளிர்காலத்தில் லாரியில் கொண்டுவந்து ஏரியில் விடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகப் போய் இந்த இறகுப் பூச்சியைத் தண்ணீர்மேல் விசிறிப் பிடிப்பார்களாம். மேனேஜர் தன் வீட்டு வீடியோவைப் போனில் காட்டியிருக்கிறார். தாத்தாவிலிருந்து பேரன் வரை குளிரில் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பேசவே வேணாம் மாப்ள. பக்கத்துல நின்னாப் போதும். அதுதான் ஹாபி" என்றார் மச்சான்.

அவர் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். மூத்தவள் அபிக்குப் பன்னிரண்டு வயது. போனில் தினமும் "அப்பா, அப்பா" என்று வாய் ஓயாமல் பேசுவாள். ஆள் நேரில் வந்து நின்றதும் வாயடைத்துப் போய்விட்டாள். எது சொல்வதானாலும் அக்கா வழியாகத்தான். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அவங்களுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பாள். சின்னவன் கவினுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு வயது. சாக்லெட் கொடுத்த அன்றே மடியில் ஏறிவிட்டான்.

"மீன் பழகவே ஒரு மாசம் ஆச்சுன்னு சொல்ற. எனக்கு ரெண்டு மாசம் இருக்குல்ல?" என்று மச்சான் ஒருநாள் என்னைக் கேட்டார். ஆமாம் மச்சான் என்றேன். வேறென்ன சொல்வது.

சுப்பையா அண்ணனிடம் அனுமதி கேட்கப் போனோம். மீனெல்லாம் அவருடையதாயிற்றே.

"புடிச்ச மீனத் திருப்பித் தண்ணியிலயே விட்டுருவோம்ணே" என்றார் மச்சான்.

சுப்பையா அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "விடுறதுக்கு எதுக்குப் புடிக்கணும்?"

"அதுதாண்ணே ஹாபி."

"அப்ப புடிக்காமயே இருந்துட்டா அது என்ன தம்பி?"

ஆனால் அனுமதி கிடைத்தது. துபாயிலிருந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அண்ணன் நினைத்திருக்கலாம்.

முதல் ஞாயிறு, தை மாதப் பனியில் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கரையேறினோம். திருப்பி விடுகிற கதையை அக்கா நம்பவில்லை. குழம்புக்கு மசாலா அரைத்துத் தூக்குவாளியில் எடுத்து வந்திருந்தாள். மச்சான் தூண்டிலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் வீச்சில் பின்னாலிருந்த சீமைக்கருவேலம் மாட்டியது. இரண்டாவதில் என் மப்ளர். மூன்றாவதில் அக்காவின் கொண்டை.

"என்னங்க, இங்க ஒரு மீனும் இல்ல. எடுங்க முள்ள" என்றாள் அக்கா, அசையாமல்.

நான்காவது வீச்சு தண்ணீரில் விழுந்தது. இறகுக் கொசு அழகாக மிதந்தது. ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. புண்ணாக்குத் தின்று வளர்ந்த மீனுக்குக் கொசு எதற்கு? அன்று மீன் இல்லாத மீன்குழம்பைச் சாப்பிட்டோம். புளிப்பாக நன்றாகவே இருந்தது.

மறுவாரமும் அப்படித்தான். இந்த முறை அக்கா வழியிலேயே மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது எதிரே வந்த பால்காரர் பையை எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, நம்ம கண்மாய்ல மத்தி விழுந்திருக்கு! மணமேல்குடிக் கடலு இங்கிட்டுத் திரும்பிருச்சா?"

அன்றிலிருந்து ஊரில் மச்சானுக்குப் பெயர் 'மத்தி' என்றானது. அவர் கவலைப்படவில்லை. அவருடைய கவலையெல்லாம், வரிசையில் எல்லோரும் நிற்கும்போது அபி மட்டும் தள்ளிப் போய்ப் பனைமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள் என்பதுதான். வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஒரு ஞாயிறு, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள். "அம்மா, மாமா வண்டி வந்தாத்தான் மீன் வரும். அவங்ககிட்டச் சொல்லு."

யாருக்கும் தோன்றாதது அது. எனக்கும்தான் தோன்றவில்லை, தினம் இரண்டு வேளை அந்தக் கொதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு. மறுநாள் அபி தேங்காய் நாரைப் புண்ணாக்கு உருண்டை மாதிரி சுருட்டி, முள்ளில் நூலால் கட்டி, புண்ணாக்குத் தண்ணீரில் ஊறப் போட்டாள். மச்சான் அதை மோந்து பார்த்துத் தயங்கினார். "இறகுலதான் கட்டணும். வாசனை காட்டுறது ரூல்ஸ்ல இல்ல."

"மீன் வேணுமா, ரூல்ஸ் வேணுமான்னு கேளும்மா."

"மீனுதான்" என்றார் மச்சான், அக்காவைப் பார்த்து.

அடுத்து வந்தது லீவின் கடைசி ஞாயிறு. மறுநாள் திருச்சியில் விமானம். திட்டம் எளிமையானது. நான் வழக்கமான நேரத்துக்கு மொபெட்டில் வர வேண்டும். மீன் கூட வேண்டும். நான் தீனி போடுவதற்கு முன்னால் அவர்கள் தூண்டில் போட வேண்டும். அன்றைக்கென்று என் மொபெட் கிளம்பவில்லை. மிதித்தேன். தள்ளிக்கொண்டு ஓடி ஏறிப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி ஊதினேன். அதுவும் என்னைப்போலத்தான், மூன்று மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் உழைக்காது. கடைசியில் மூச்சிரைக்க உருட்டிக்கொண்டே கரைக்கு வந்தேன்.

மதகடியில் ஒரு அலைகூட இல்லை. மச்சான் வண்டியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தூண்டிலை மடக்கப் போனார்.

அப்போதுதான் கவின் ஓடினான். கரைத் திருப்பத்திலிருந்து, இரண்டு கையிலும் ஹேண்டில்பாரைப் பிடித்தவன் மாதிரி, "டுர்ர்ர்ர்" என்று வாயால் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். மச்சானுக்கு என்ன தோன்றியதோ, தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குப் பின்னால் அவரும் "டுர்ர்ர்ர்" என்று ஓடினார். வெளிநாட்டு ஷூவோடு, துபாயில் எட்டு வண்டிக்குப் பொறுப்பான மனிதர். பிறகு நான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், தூக்குவாளியோடு அக்கா. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுப்பையா அண்ணன் சைக்கிளிலிருந்து இறங்கி, வெற்றிலை போடுவதற்குத் திறந்த வாயை மூடவில்லை.

அபி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளால் தாங்க முடியவில்லை.

"அப்படி இல்ல! மாமா வண்டி நடுவுல இருமும்!" என்று எழுந்து வந்தாள். "டுர்ர்ர்... டொக்கு டொக்கு... டுர்ர்ர். இப்படி!"

எல்லோரும் இருமினோம். மதகடியில் தண்ணீர் கொதித்தது.

சத்தத்தைக் கேட்டு வந்தனவா, இத்தனை கால்கள் கரையில் தடதடத்த அதிர்வில் வந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அபி தூண்டிலை எடுத்தாள். வீசக்கூட இல்லை. நார் உருண்டையைக் கொதிப்புக்கு நடுவில் போட்டாள். உடனே கழி வளைந்தது. போன வருடம் வலைக்குத் தப்பிய கட்லா போலிருக்கிறது, அவளையே இரண்டு அடி இழுத்தது.

"மாமா!" என்று கத்தினாள்.

மச்சான் முகத்தை நான் பார்த்தேன். எங்களில் அவர்தான் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் வேண்டுமென்றே நகரவில்லை. அதற்குள் கழி அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போனது. மச்சான் ஷூவோடும் பேன்ட்டோடும் பின்னாலேயே குதித்தார். இடுப்பளவு தண்ணீர், அதற்கடியில் முழங்காலளவு சேறு.

"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு! கழியப் புடிங்க, மீனப் புடிக்காதீங்க! ஐயோ, நூல ஏன் கால்ல சுத்திக்கிறீங்க? ஒண்ணு சொன்னாக் கேக்கவே மாட்டீங்களா நீங்க? கண்ணாடியக் கழட்டிட்டு இறங்க வேண்டியதுதான? போச்சு, போச்சு, கண்ணாடியும் போச்சு!" கரையில் நின்று கத்தியது அபிதான்.

அவர் மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார், கட்லாவை. தலையெல்லாம் பாசி. அபி முள்ளைக் கழற்றினாள். ஒரு நிமிடம் இருவருமாகத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு சொன்ன சொல்படி தண்ணீரில் விட்டார்கள்.

"இதுக்குத்தான் விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மசாலா அரைச்சேனா?" என்றாள் அக்கா.

சுப்பையா அண்ணன் இப்போதுதான் வாயை மூடினார். "தம்பி, இப்பத்தான் புரியுது ஹாபின்னா என்னன்னு. ஆனா என்னால முடியாது."

வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் என் பக்கத்தில் வந்தார். ஷூ சளக் சளக் என்றது. "என்னைத் திட்டுனா மாப்ள. பாத்தியா? அம்மாகிட்டச் சொல்லி விடல. நேரா என்னையத் திட்டுனா." விருது வாங்கியவர்கள்கூட அவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை. துபாய் போய் இறங்கிப் போன் செய்தபோதும் அவள்தான் எடுத்தாள். "அப்பா, அந்தச் சேத்துப் பேன்ட்ட அப்படியே கட்டிலுக்கு அடியில போட்டுட்டுப் போயிட்டீங்க. வீடே நாறுது."

அதுவரை உள்ளங்கால் அரிப்பைப் பொறுத்துக்கொண்டிருந்த நான், பங்குனியில் அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். பிறகு மழை இரண்டு வருடம் பொய்த்தது. சுப்பையா அண்ணன் குத்தகையை விட்டுவிட்டார். மதகடி இப்போது கருவேலங்காடு. மொபெட் பழைய இரும்புக்குப் போனது. மச்சான் ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். தூண்டில் கழி, அக்கா ஆசைப்பட்டபடியே, ஜன்னலில் திரைச்சீலையைத் தாங்குகிறது. அபி சென்னையில் நர்ஸ். தினமும் போன் செய்து, மாத்திரை போட்டீர்களா என்று அப்பாவைத் திட்டுகிறாள். கவினுக்கு மீசை முளைத்துவிட்டது. போன தடவை அந்தச் சத்தத்தைப் போடச் சொன்னேன். "போ மாமா" என்று எழுந்து போய்விட்டான். அந்தச் சத்தம் போடத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

"இறங்குங்கண்ணே, நம்ம கண்மாய் வந்துருச்சு" என்றார் ஸ்கூட்டர்க்காரர். இந்த வருடம்தான் குத்தகைக்கு எடுத்தாராம், குஞ்சு விட்டு ஒரு வாரமாகிறதாம், தீனி போட இருந்த ஆள் திருப்பூர் போய்விட்டாராம். பழக்கம் இருக்கிறது என்றேன். "இருப்பீங்களா, ஓடிருவீங்களா?" என்று கேட்டார். பார்ப்போம் என்றேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டர் சாவியையும் புண்ணாக்கு மூட்டையையும் கொடுத்தார். துணிப்பையை அவர் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். கரைத் திருப்பத்தில் வண்டி காற்று மாதிரிச் சத்தமில்லாமல் போனது. மதகடியில் ஒரு சலனமும் இல்லை. குஞ்சுகள் பாவம், அவற்றுக்கு என்ன தெரியும். பழக ஒரு மாதம் ஆகும். அதுவரை இருந்துதான் பார்க்க வேண்டும்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி கரைத் திருப்பத்துக்கே போனேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. "டுர்ர்ர்ர்" என்றபடி மதகை நோக்கி வந்தேன். நடுவில் இருமவும் மறக்கவில்லை.