எழுபத்தோராம் குச்சி

வரதராசாவின் வலது கையைப் பற்றி லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தெரியாத ஆள் இல்லை. ஒரே வெட்டில் வாத்தைக் குறுக்கே பிளக்கிற கை. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மதாம் லிம்மின் சீனச் சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருசமாக அந்தக் கைக்குத்தான் சம்பளம். வெட்டுக் கத்தியைக் கீழே வைத்த பிறகும் அடங்காத கை அது. வந்த புதிதில் கோப்பை கழுவிய இடத்தில் தலைமைச் சமையல்காரனின் மூக்கை உடைத்தான். பிறகு கலியாணம் வந்தது, கை வீட்டுக்குள்ளும் நீண்டது.

மாசி மாதம் மனைவி பூரணியின் முகத்தைக் குசினித் தண்ணிப் பைப்பில் மோதியதில் இரண்டு பல் போனது. பதினாறு வயது மகள் சுபாங்கிதான் பொலிசைக் கூப்பிட்டாள். ஆறு மாதம் வீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது, மீறினால் மறியலுக்குள் போடுவேன் என்று நீதவான் சொல்லிவிட்டார். பூரணி தன் தமையன் ஸ்ரீஸ்கந்தராசா மூலம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள்: அந்த ஆறு மாதத்தையும் ஒழுங்காகக் கழித்தால், அவர் வரலாம் என்று நானே கோட்டில் சொல்லுவேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் கிடந்தான். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு கடைக்கு மேலே, ஓர் அறையில் ஐந்து பேர். ஐந்து மாதமும் இருபது நாளும் போய்விட்டன. இன்னும் பத்தே நாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கட்டில்காரன் சிவமணி வாயைத் திறந்தான்.

"அண்ணை, உங்கடை வீட்டிலை பூட்டை மாத்திப்போட்டினமாம். நீங்கள் இஞ்சை நாள் எண்ணிக்கொண்டிருங்கோ."

வரதராசா குத்தினான். சிவமணியின் கீழ் உதடு கிழிந்து தலையணையெல்லாம் இரத்தம். ஆனால் குத்தினதால் பூட்டு பழையபடி ஆகிவிடுமா? அடுத்த நாள் வேலையில் நினைவு முழுக்க அந்தப் பூட்டில்தான். ஓங்கின கத்தி குறி தவறிப் பலகையில் ஏறியது. மதாம் லிம் பார்த்தாள். கிழவி கம்போடியாவில் பிறந்த சீனத்தி, கண் பொல்லாதது. மத்தியானப் பரபரப்பு ஓய்ந்ததும் அவனைக் கைகழுவச் சொல்லிக் குசினி மூலைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே அவளுடைய சாமி. சிவந்த முகம், நெஞ்சு வரை தாடி, கையில் வாள். அதற்கு முன்னால் மூங்கில் குவளையில் நூறு குச்சிகள். பெயரும் வீட்டு விலாசமும் சொல்லிக் கேள்வியைக் கேள் என்றாள். சாமிக்குத் தமிழ் விளங்குமோ என்று அவன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டான். வாள் பிடிக்கிற சாமிக்கு எல்லாம் விளங்கும் என்றாள் கிழவி. நான் வீட்டுக்குப் போகலாமோ என்று கேட்டுக் குவளையைக் குலுக்கினான். எழுபத்தோராம் குச்சி துள்ளி விழுந்தது. கிழவி இரண்டு பிறைக் கட்டைகளை நிலத்தில் எறிந்தாள். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன. சாமி ஒத்துக்கொண்டது என்று சொல்லி, லாச்சியைத் திறந்து அந்த இலக்கத்துச் சீட்டை எடுத்தாள். ஓடர் எழுதுகிற துண்டின் பின்பக்கத்தில் அதைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டே, மிக மிக நல்ல சீட்டு என்று தொடங்கினாள்.

அவனுக்கு அவ்வளவே போதும். ஊரில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒன்றை எடுத்துப் பிரித்தால் கதை முடிந்தது. அவன் கலியாணமே அப்படி ஒரு வெள்ளைப் பூவில்தான் சரிவந்தது. சாமி என்றால் ஓம் அல்லது இல்லை. தொழிலுக்கு ஒன்று, வழக்குக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பக்கம் நிறையப் பேசுகிற சாமியை அவன் கண்டதில்லை. கிழவி கடைசி வரியை எழுதிப் பேனையை எடுக்குமுன் துண்டைப் பறித்துப் பொக்கற்றில் வைத்தான். ஏப்ரனைக் கழற்றி எறிந்தான். பின்னால் அவள் கூப்பிடக் கூப்பிட நடந்தான்.

மார்க்ஸ் டோர்மோய் தெரு. அவன் வீடு, மூன்றாம் மாடி. பூட்டு புதிசுதான்.

தட்டினான். உள்ளிருந்து பூரணி, இன்னும் ஒன்பது நாள் கிடக்கு, போங்கோ என்றாள்.

"சாமி சொல்லிப்போட்டுது. திற."

"எந்தச் சாமி?"

"சீனச் சாமி."

உள்ளே சுபாங்கி சிரித்துவிட்டாள். பயத்தில் வந்த சிரிப்பு. அது அவனுக்கு எங்கே விளங்கப்போகிறது? காலால் உதைத்தான். நாலாம் உதையில் சட்டம் பிளந்து கதவு உள்ளே விழுந்தது. பூரணியின் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் இடித்தான். ஒருதரம். இன்னொருதரம். சுபாங்கி முதுகில் பாய்ந்து காதைக் கடித்தாள். உதறிய உதறலில் அவள் நெற்றி மேசை மூலையில் பட்டு வெடித்தது. பிள்ளையின் கண்ணுக்குள் இரத்தம் வழிவதைப் பூரணி பார்த்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானையை அப்படியே தூக்கி அவனுடைய வலது கையில் கவிழ்த்தாள்.

தோல் கையுறை மாதிரிக் கழன்றது. மாடு மாதிரிக் கத்தினான்.

"அந்தக் கையைக் கொண்டு இனி இந்த வீட்டுக்கு வராதை," என்றாள் பூரணி. குரல் உயரவில்லை. "கோட்டிலை நான் சொல்ல இருந்ததும் இனி இல்லை."

அயலட்டைச் சனம் கூப்பிட்டுப் பொலிஸ் வந்தது. நாலு பேர் அவனைக் குப்புறப் போட்டு, முழங்காலை முதுகில் ஊன்றினார்கள். விழுந்த கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் புதிய பூட்டின் சாவிகள் மூன்று. மூன்றாவதில் அவனுடைய பழைய சிவப்புச் சாவி வளையம்.

ஆசுப்பத்திரியில் கட்டுப் போட்டுப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பொக்கற்றில் இருந்ததையெல்லாம் எடுத்து எழுதிய அதிகாரி, அந்தத் துண்டைக் காட்டி, யாரையாவது மிரட்டி எழுதினதா என்று கேட்டான். தொலைபேசியில் மொழிபெயர்ப்புக்காரி, பாண்டிச்சேரிப் பெண். அதிகாரி வரி வரியாக வாசிக்க அவள் தமிழில் சொன்னாள். தொழில் வளரும். நோய் தீரும். வழக்கு, பொறுத்தவருக்கு ஜெயம். பிறகு கடைசி வரி.

"சார், வீடுன்னு போட்டிருக்கு. 'கூப்பிடற வரைக்கும் வெளியிலேயே நில்லு, கதவு உள்ளேயிருந்து திறக்கும்.' அவ்வளவுதான் சார்."

வரதராசா இன்னொருக்கால் வாசிக்கச் சொல்லும்படி கேட்டான். வாசித்தார்கள். அதிகாரி துண்டைப் பெல்ற்றோடும் சப்பாத்துக் கயிற்றோடும் ஒரு பையில் போட்டு ஒட்டினான். பட்டியலை நீட்டி, ஒப்பம் வை என்றான். வலது கை பந்து மாதிரிக் கட்டிக் கிடந்தது. இடது கையால் பேனையைப் பிடித்து வரதராசா தன் பெயரைக் கிறுக்கினான். 'ராசா' வருமுன் ஒப்பக் கோடு முடிந்துவிட்டது.